மூடியில இருக்கிற நம்பரைக் காப்பாத்துங்க: பெங்களூர்ல முதல் பிசி கட்டுறவங்களுக்கு ப்ராசஸர் வாரன்டி வழிகாட்டி

வேலை கிடைச்சு பெங்களூருக்கு வந்தாச்சு, பிஜில ஒரு கட்டில் ஒரு மேசை, மூணாவது சம்பளம் வந்ததும் "சரி ஒரு பிசி கட்டிடலாம்"னு தோணும். தோணட்டும், நல்ல விஷயம்தான். ஆனா கூடவே யூடியூப்ல யாரோ ப்ராசஸரோட மூடியை, அதாவது சிப்புக்கு மேல இருக்கிற உலோகத் தகட்டைப் பேத்து உள்ள லிக்விட் மெட்டல் தடவுறதையும் பார்த்துட்டு, கூலர் மாத்தணும், ஓவர்க்ளாக் பண்ணணும் (சிப்பைக் கம்பெனி வெச்ச வேகத்துக்கு மேல ஓட்டணும்)னு கை துறுதுறுன்னு இருக்கும். எதைப் பண்ணா வாரன்டி போகும்னு கேட்டா கடைக்காரர் ஒண்ணு சொல்வார், ரூம்மேட் ஒண்ணு சொல்வான், வீடியோக்காரர் வேற ஒண்ணு சொல்வார், மூணும் ஒத்துப்போகாது.

என் கணக்கு ரொம்ப சிம்பிள். நாளைக்கு அந்த சிப் பழுதாகி வாரன்டிக்குப் போனா, அதைக் கையில வாங்குற ஆள் மூணு விஷயம்தான் பார்ப்பார். மூடி மேல இருக்கிற நம்பர் படிக்க முடியுதா, கீழ பின்னோ கான்டாக்ட்டோ அடிபடாம இருக்கா, பில் இருக்கா. இந்த மூணுலயும் கை வைக்காத மாற்றம்னா தைரியமா பண்ணலாம், இதுல ஒண்ணைத் தொடுற மாற்றம்னா வாரன்டி முடியுற வரைக்கும் பொறுத்துக்கங்க. ஓவர்க்ளாக் மட்டும் தனிக் கதை, அதை நாலாவது படில பார்க்கலாம். கீழ வர்ற மத்ததெல்லாம் இதோட விரிவுதான்.

முதல் படி: டப்பாவா ட்ரேயா

பெங்களூர்ல பார்ட்ஸ்னா எஸ்பி ரோடு, அதாவது சாதர் பத்ரப்பா ரோடு, டவுன் ஹால் பக்கத்துல. மெட்ரோல க்ரீன் லைன் புடிச்சு சிக்பேட்டையிலயோ கேஆர் மார்க்கெட்லயோ இறங்கி நடந்துடலாம், பைக்ல போனா பார்க்கிங்குக்கே அரை நாள் போயிடும். ஞாயித்துக்கிழமை பெரும்பாலான கடை சாத்தியிருக்கும், அதனால சனிக்கிழமை காலைல போங்க. கன்னடம் தெரியலயேன்னு தயங்க வேண்டாம், இந்தி தமிழ் எல்லாம் கலந்து ஓடுற ரோடு அது.

அங்க விலை கேட்டதும் ரெண்டு ரேட் சொல்வாங்க. "பாக்ஸ் பீஸ் இவ்ளோ, ட்ரே பீஸ் எடுத்துக்கோங்க அண்ணா, கம்மி, சிப் ஒண்ணுதான்." சிப் ஒண்ணுதான், அது நிஜம். வாரன்டி ஒண்ணு இல்ல. டப்பால சீல் பண்ணி வர்ற ப்ராசஸருக்கு இன்டெலும் சரி ஏஎம்டியும் சரி மூணு வருஷம் வாரன்டி தர்றாங்க, நீங்க நேரடியா கம்பெனிகிட்டயே கேட்கலாம். ட்ரேன்றது கம்ப்யூட்டர் தயாரிக்கிறவங்களுக்கு மொத்தமா தட்டுல அடுக்கி அனுப்புற சரக்கு, டப்பா கிடையாது, கூலர் கிடையாது. அதுக்கு நீங்க கம்பெனி கதவைத் தட்டினா "எங்க வாங்கினீங்களோ அங்க போங்க"ன்னு திருப்பி விட்டுடுவாங்க. கடைக்காரர் "ஒரு வருஷம் நான் கேரண்டி"ம்பார், அந்தக் கடை அதே இடத்துல அதே பேர்ல இருக்கிற வரைக்கும் அது செல்லும். விலை வித்தியாசம் ரொம்பப் பெருசா இருந்தா ஒழிய நான் டப்பாதான் சொல்வேன், அதுவும் இந்த சிப்ல ஏதாவது மாத்திப் பார்க்கப்போறேன்ற ஆளுக்குக் கண்டிப்பா டப்பா.

டப்பாவைக் கையில வாங்கினதும் காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி திருப்பித் திருப்பிப் பாருங்க, யாரும் கோச்சுக்க மாட்டாங்க. ஏஎம்டி டப்பால பக்கவாட்டுல ஒரு சின்ன ஜன்னல் மாதிரி இருக்கும், அது வழியா சிப்போட மூடி தெரியும், மூடியில இருக்கிற சீரியல் நம்பரும் டப்பா லேபிள்ல இருக்கிற நம்பரும் ஒண்ணா இருக்கணும். ஃபோன் டார்ச் அடிச்சு ஒவ்வொரு எழுத்தா ஒப்பிடுங்க. இன்டெல்னா லேபிள்ல எஃப்பிஓ, ஏடிபிஓன்னு ரெண்டு நம்பர் இருக்கும், முதலாவது பேட்ச், ரெண்டாவது சீரியல். இன்டெலோட வாரன்டி பேஜ்ல ரெண்டையும் போட்டா அங்கயே தெரிஞ்சுடும், கடையில நின்னுக்கிட்டே போட்டுப் பாருங்க. சீல் ஸ்டிக்கர் ஒரு தடவை உரிச்சு மறுபடி ஒட்டின மாதிரி ஓரம் தூக்கிக்கிட்டு இருந்தா வேற பீஸ் கேளுங்க.

இன்னொண்ணு, வெளிநாட்டுல இருந்து வர்ற பொருள் மேல இறக்குமதி பண்ணினவர் பேர், அட்ரஸ், எம்ஆர்பி எல்லாம் அச்சடிச்ச லேபிள் இருக்கணும்ங்கிறது நம்ம ஊர் சட்டம். அந்த லேபிளே இல்லன்னா பொருள் வேற வழியா வந்திருக்குன்னு அர்த்தம். சிப் ஒரிஜினலாவே இருக்கலாம், ஆனா நாளைக்கு இங்க இருக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் "இது எங்க சரக்கு இல்ல"ன்னுடுவார்.

பில் விஷயத்துல கறாரா இருங்க. ப்ராசஸருக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, அதனால "பில் வேண்டாம்னா குறைச்சுத் தர்றேன்"ன்ற பேச்சு கண்டிப்பா வரும். அந்தக் குறைச்சல் உங்க வாரன்டியோட விலை. ஜிஎஸ்டி பில் வாங்குங்க, அதுல மாடல் பேரோட சீரியல் நம்பரையும் எழுதச் சொல்லுங்க, கடை வாசல்லயே அதை ஃபோட்டோ எடுத்து உங்களுக்கே மெயில் பண்ணிக்கங்க. சில கடையில தர்ற அந்த வழவழ பேப்பர் பில்லு ஒரு வருஷத்துல வெறும் வெள்ளைத் தாள் ஆயிடும். ஆன்லைன்ல வாங்கினா டப்பா பிரிக்கிறதை கட் இல்லாம ஒரே வீடியோவா எடுத்து வெச்சுக்கங்க.

ரெண்டாவது படி: மாட்டுறதுக்கு முன்னாடி

சிப்போட மேல் பக்கம் ஒரு ஃபோட்டோ, கீழ் பக்கம் ஒரு ஃபோட்டோ. மதர்போர்டுல சிப் உக்கார்ற இடமான சாக்கெட்டைத் திறந்ததும் அதுக்கு ஒரு ஃபோட்டோ, நல்ல வெளிச்சத்துல, பின்னெல்லாம் தெரியுற மாதிரி. இன்டெலோட இப்போதைய சாக்கெட்லயும் ஏஎம்டியோட ஏஎம்5லயும் பின்னு மதர்போர்டு பக்கம்தான் இருக்கு, முடி மாதிரி மெல்லிசா இருக்கும், அதுமேல விரல் படவே கூடாது. சாக்கெட் மேல ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி வரும் பாருங்க, அதைக் குப்பைல போட்டுடாதீங்க. மதர்போர்டை வாரன்டிக்குக் கொண்டுபோறப்ப முதல் கேள்வியே "கேப் எங்க"ன்றதுதான், அது இல்லாம வாங்கவே மாட்டேங்கிற இடம் உண்டு. சிப் உக்காந்து வர்ற அந்தச் சின்ன கிளிப் டப்பா, கூடவே வர்ற ஸ்டாக் கூலர், வெளி அட்டைப்பெட்டி எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டுக் கட்டிலுக்கு அடியில தள்ளிடுங்க. பிஜி மாறும்போது தூக்கிப்போடத் தோணும், போடாதீங்க.

பழைய கட்டடத்து பிஜில நிறைய பிளக்குல எர்த்தே இருக்காது, கேபினெட்டைத் தொட்டா சுருக்குன்னு இருக்கும். அதை முதல்ல சரி பண்ணச் சொல்லுங்க. அதால போற பார்ட்டை எந்தக் கம்பெனியும் தன் தப்புன்னு ஒத்துக்காது.

மூணாவது படி: கூலர் மாத்துறது

புதுசா கட்டுற எல்லாரும் முதல்ல கை வைக்கிறது இதுலதான், பயமும் இதுலதான் ஜாஸ்தி. ஏஎம்டியோட வாரன்டி தாள்ல, கூடவே வந்த கூலரைத் தவிர வேற கூலர் போட்டா வாரன்டி செல்லாதுன்ற மாதிரி ஒரு வரி ரொம்ப நாளா இருந்தது, அதைப் படிச்சுட்டு பயந்தவங்க பல பேர். 2018ல அதைப் பத்திக் கேள்வி எழுந்தப்ப ஏஎம்டி தரப்புல சொன்னது, வேற கூலர் போட்டதுக்காக மட்டும் வாரன்டி போகாது, அந்தக் கூலராலயே சிப் பழுதானாதான் போகும்னு. நடைமுறையும் அப்படித்தான். கூலர் மாத்துங்க, கூலருக்கும் சிப்புக்கும் நடுவுல நல்ல தெர்மல் பேஸ்ட் போடுங்க, ஒண்ணும் ஆகாது.

ஆனா கழட்டுற விதத்துலதான் சிப் போகுது. ஏஎம்4 சாக்கெட் இன்னும் இங்க நிறைய ஓடுது, பட்ஜெட்ல கட்டுற முக்காவாசிப் பேர் அதுலதான் ஆரம்பிக்கிறாங்க. அதுல பின்னு சிப் பக்கம், மொத்தம் 1331. ஒரு வருஷம் ஓடின பிறகு பேஸ்ட் காஞ்சு கூலரும் சிப்பும் ஒட்டிக்கிட்டு இருக்கும். அப்ப ஸ்க்ரூவைக் கழட்டிட்டு கூலரை நேரா மேல இழுத்தீங்கன்னா, சாக்கெட் லிவர் பூட்டி இருந்தாலும் சிப்பு கூலரோடயே பிடுங்கிக்கிட்டு வந்துடும், "டக்"னு ஒரு சத்தம் கேக்கும், வயித்தைக் கலக்கும். சரியான முறை என்னன்னா, முதல்ல சிஸ்டத்தை ஆன் பண்ணி ஒரு கேமோ ஏதோ கொஞ்ச நேரம் ஓட்டி சிப்பைச் சூடாக்குங்க, பேஸ்ட் இளகும். ஷட்டவுன் பண்ணி, பிளக்கைப் பிடுங்கி, சூடு ஆறுறதுக்குள்ள ஸ்க்ரூவை எதிரெதிர் மூலையா கொஞ்சம் கொஞ்சமா தளர்த்துங்க. அப்புறம் கூலரை மேல தூக்காம, ஜாடி மூடி திருகுற மாதிரி இடமும் வலமுமா மெதுவாத் திருகுங்க. பிடி விட்டதும் பக்கவாட்டுல சறுக்கி எடுங்க. அவ்ளோதான்.

அப்படியும் பின்னு வளைஞ்சுட்டா வாரன்டி அதுக்கு வராது, அது உடல் சேதம்னு எழுதிடுவாங்க. மெக்கானிக்கல் பென்சில்ல லெட்டை எடுத்துட்டு அந்தக் காலி முனையைப் பின்னுக்குள்ள நுழைச்சு நிமித்தலாம், வரிசைக்கு நடுவுல மெல்லிசான பிளாஸ்டிக் கார்டு விட்டும் நேராக்கலாம். ஒரே தடவைல முழுசா நிமித்தப் பார்க்காதீங்க, உடைஞ்சுடும். கை நடுங்குற ஆளா இருந்தா எஸ்பி ரோட்டுலயே மைக்ரோஸ்கோப் வெச்சு சிப் லெவல் வேலை பார்க்கிறவங்க இருக்காங்க, கொண்டுபோய்க் கொடுத்துடுங்க.

வாட்டர் கூலர் வேணுமான்னு கேட்பீங்க. 65 வாட் சிப்புக்கு, இந்த ஊர் கிளைமேட்டுக்கு, வேண்டாம். காசை ராம்ல போடுங்க. ஏஎம்டியோட ரைசன் 7000 உயர் மாடல்கள் முழு லோடுல 95 டிகிரிக்குப் போறது அதோட டிசைனே, அதைப் பார்த்துட்டு சிப் பழுதுன்னு கடைக்கு ஓடாதீங்க.

நாலாவது படி: பயாஸ்ல செய்யுற மாற்றம்

பயாஸ்ன்றது பிசி ஆன் ஆனதும் முதல்ல ஓடுற, மதர்போர்டுக்குள்ளயே இருக்கிற செட்டிங் மெனு. இங்க கொஞ்சம் நிதானமாப் படிங்க, ஏன்னா விளம்பரமும் வாரன்டி தாளும் வேற வேற பேசுற இடம் இது.

ஓவர்க்ளாக் பண்ணதால வர்ற சேதத்துக்கு இன்டெலும் பொறுப்பில்ல ஏஎம்டியும் பொறுப்பில்ல. அதுக்குன்னே அன்லாக் பண்ண சிப் வித்தாலும், அவங்களே சாஃப்ட்வேர் கொடுத்தாலும் இதே கதைதான். ஏஎம்டி சின்ன எழுத்துல எழுதியிருக்கிறதைப் படிச்சா, வேகத்தை ஏத்துறது மட்டும் இல்ல, வோல்டேஜைக் குறைக்கிற அண்டர்வோல்ட்டையும், மெமரி டைமிங் மாத்துறதையும் சேர்த்தே சொல்லியிருக்காங்க. அப்போ ராமை அதோட டப்பால போட்டிருக்கிற வேகத்துல ஓட வைக்கிற ரெடிமேட் செட்டிங், இன்டெலோட எக்ஸ்எம்பி, ஏஎம்டியோட எக்ஸ்போ? அதுவும் ஓவர்க்ளாக் கணக்குலதான் வருது. ரைசன் 7000க்கு ஏஎம்டி சொல்ற அதிகாரபூர்வ மெமரி வேகம் 5200, கடையில எல்லாரும் கையில திணிக்கிறது 6000 ராம், டப்பா மேல எக்ஸ்போன்னு பெருசா அச்சடிச்சிருக்கும். அதை ஆன் பண்ணினா நீங்க ஸ்பெக்குக்கு வெளில. எனக்கு இது கொஞ்சம் அநியாயமாத்தான் படுது, ஆனா எழுதினது எழுதினதுதான்.

அதுக்காக எக்ஸ்போ போடாதீங்கன்னு சொல்லல, எல்லாரும் போடுறாங்க, நானும் போடச் சொல்வேன். பயாஸை அப்டேட் பண்ணிட்டுப் போடுங்க, அவ்ளோதான். 2023 ஏப்ரல்ல ரைசன் 7000எக்ஸ்3டி சிப்புங்க சிலது சாக்கெட்டோட கருகிப்போன படங்கள் வந்துச்சு ஞாபகம் இருக்கலாம், எக்ஸ்போ போட்டா சில போர்டு எஸ்ஓசி வோல்டேஜை (சிப்புக்குள்ள மெமரியைக் கவனிக்கிற பகுதிக்குப் போற வோல்டேஜை) ரொம்ப ஏத்திவிட்டதுதான் அதுல பேசப்பட்ட முக்கியக் காரணம். அதுக்கப்புறம் வந்த பயாஸ்ல அதை 1.3 வோல்ட்டோட நிறுத்திட்டாங்க. பழைய பயாஸோட அலமாரியில கிடந்த போர்டு உங்க கைக்கு வந்திருக்கலாம், அதனால முதல் வேலை அப்டேட்.

ஓவர்க்ளாக்குக்குன்னு தனியா காசு கட்டி வாங்குற பாதுகாப்பு ஒண்ணு இன்டெல் 2012ல கொண்டுவந்துச்சு, ஒரு தடவை சிப்பைக் கருக்கிட்டா மாத்திக் கொடுப்பாங்க. 2021ல அதை நிறுத்திட்டாங்க, பழைய வீடியோல பார்த்துட்டு யாரும் தேடாதீங்க. சில சிப்புல தடயமே பதியும், ஏஎம்டியோட த்ரெட்ரிப்பர் 7000ல ஓவர்க்ளாக்கைத் திறந்தா உள்ள ஒரு ஃப்யூஸ் நிரந்தரமா எரிஞ்சுடும். அதுக்காக மட்டும் வாரன்டி போகாதுன்னு ஏஎம்டி சொல்லியிருக்கு, ஆனா அவங்களுக்குத் தெரியும்.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை வாங்கினவங்க, முக்கியமா செகண்ட்ஹேண்ட்ல பார்க்கிறவங்க, ஒரு நிமிஷம். அதுல நிறைய மாடல்ல வோல்டேஜ் அதிகமாப் போய் சிப் மெல்ல மெல்லச் சிதைஞ்சு கேம் க்ராஷ், ப்ளூ ஸ்க்ரீன்னு ஆனது, நீங்க ஒண்ணுமே மாத்தாம இருந்தாலும் ஆனது. 2024 ஆகஸ்ட்ல இன்டெல் டப்பால வந்த சிப்புக்கு வாரன்டியை ரெண்டு வருஷம் நீட்டி அஞ்சு வருஷமா ஆக்கினாங்க, 0எக்ஸ்129, அப்புறம் 0எக்ஸ்12பின்னு மைக்ரோகோட், அதாவது பயாஸ் அப்டேட் வழியா சிப்புக்குப் போற திருத்தம், விட்டாங்க. உங்க மாடல் அவங்க பட்டியல்ல இருக்கான்னு பாருங்க, பயாஸ் அப்டேட் பண்ணுங்க. ஏற்கெனவே சிதைஞ்ச சிப்பை அந்த அப்டேட் குணமாக்காது, மாத்தத்தான் வேணும். ட்ரே பீஸ் வாங்கினவங்க மறுபடி கடைக்காரர்கிட்டதான் நிக்கணும், முதல் படில சொன்னது இதுக்குத்தான்.

அஞ்சாவது படி: வாரன்டி இருக்கிறப்ப தொடவே கூடாதது

இன்டெல் 12ஆம் தலைமுறைல இருந்து சிப் சாக்கெட்ல லேசா வளையுதுன்னு சொல்லி, ஒரிஜினல் கிளாம்பைக் கழட்டிட்டு கான்டாக்ட் ஃப்ரேம்னு ஒண்ணு மாட்டுறாங்க. சில டிகிரி குறையும்தான். ஆனா சாக்கெட்டையோ கிளாம்பையோ மாத்தினா வாரன்டி போகலாம்னு இன்டெல் வெளிப்படையாவே சொல்லியிருக்கு, அதுவும் இல்லாம ஸ்க்ரூவை ஏத்த இறக்கமா இறுக்கினா ஒரு ராம் ஸ்லாட்டே காணாமப் போகும். முதல் பிசிக்கு இது வேண்டாத வேலை.

லேப்பிங், அதாவது மூடியை எமரி தாள் வெச்சுத் தேய்ச்சு கண்ணாடி மாதிரி ஆக்குறது. தேய்ச்சா முதல்ல போறது நம்பர். கதை முடிஞ்சுது.

லிக்விட் மெட்டலும் அப்படித்தான், ஆனா அது பார்த்ததும் தெரியாது. கேலியம் கலந்த உலோகக் கலவை அது, கூலரோட அடிப்பக்கம் அலுமினியமா இருந்தா அதை அரிச்சே தின்னுடும். நிக்கல் பூசின காப்பர்னா தாங்கும். ஆனா மூடி மேல தடவி ஒரு வருஷம் ஓட்டிட்டுத் துடைச்சா கறை புடிச்சு நிக்கும், அந்தக் கறையைச் சுரண்டும்போது லேசர்ல பொறிச்ச எழுத்தும் சேர்ந்து போயிடும். கூடவே அது மின்சாரம் கடத்துற பொருள், ஒரு சொட்டு சாக்கெட்ல விழுந்தா போர்டும் காலி.

டீலிட், மூடியையே பேக்குறது, இதுக்கெல்லாம் மேல. 2012ல இன்டெல் ஐவி பிரிட்ஜ் சிப்புல, மூடியை ஒட்ட உருக்கி ஊத்துற உலோகமான சால்டருக்குப் பதிலா உள்ள சாதா பேஸ்ட் வெச்சதால அப்ப அதுக்கு ஒரு நியாயம் இருந்தது, நல்லாவே சூடு குறைஞ்சது. 2018ல 9ஆம் தலைமுறை கே மாடல்கள்ல மறுபடி சால்டர் வந்துடுச்சு, பெரும்பாலான ரைசன்லயும் சால்டர்தான். அதைப் பேக்கணும்னா அந்த சால்டர்ல இருக்கிற இண்டியம் உலோகம் உருகுற அளவுக்குச் சூடாக்கணும், கிட்டத்தட்ட 157 டிகிரி. ஆசை இருந்தா எஸ்பி ரோட்டுல செத்துப்போன பழைய சிப்பை வாங்கி அதுல பழகுங்க, அது நல்ல பொழுதுபோக்கு.

ஆறாவது படி: க்ளெய்ம் பண்றது

கடையில கொண்டுபோய் வெச்சதும் "சிபியூ போயிடுச்சு"ன்னுவாங்க. நம்பாதீங்க, ப்ராசஸர்தான் ஒரு பிசில கடைசியாச் சாகுற பார்ட். முதல்ல பயாஸை டீஃபால்ட்டுக்குக் கொண்டுவாங்க, எக்ஸ்எம்பி, எக்ஸ்போ ஆஃப். ராமை ஒவ்வொண்ணா மாத்திப் போடுங்க, முடிஞ்சா ஃப்ரெண்டோட பவர் சப்ளை, போர்டு வாங்கிப் பாருங்க. இன்டெலுக்கு அவங்களே தர்ற டயக்னாஸ்டிக் டூல் இருக்கு, அதை ஓட்டி ரிசல்ட்டை சேவ் பண்ணுங்க. டீஃபால்ட்ல வெச்சும் பிரச்சினை வருதுன்னா உங்க பக்கம் பலம், அதை அப்படியே எழுதுங்க. ஓவர்க்ளாக் பண்ணீங்களான்னு கேட்டா உண்மையைச் சொல்லுங்க, பொய் சொல்லி மாட்டிக்கிறதை விட "எக்ஸ்போ போட்டிருந்தேன், ஆஃப் பண்ணியும் வருது"ன்றது எவ்வளவோ மேல்.

டப்பா பீஸ்னா கம்பெனி வெப்சைட்ல டிக்கெட் போடுங்க, கடை வழியா டிஸ்ட்ரிபியூட்டருக்கும் போகலாம், எது சீக்கிரம்ன்றது கடையைப் பொறுத்தது. பில், நம்பர், மூடியோட ஃபோட்டோ, கீழ்ப்பக்க ஃபோட்டோ, என்னென்ன செஞ்சு பார்த்தீங்கன்னு எல்லாம் கேட்பாங்க. அனுப்புறதுக்கு முன்னாடி பேஸ்ட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல துடைச்சு, அந்தக் கிளிப் டப்பால வெச்சு அனுப்புங்க. கடையில கொடுத்தா சிப்பு நம்பர் எழுதின ரசீது இல்லாம கையை விட்டுப் போகக்கூடாது.

ஏழாவது படி: முடியாதுன்னு சொல்லிட்டா

"ஸ்டிக்கர் கிழிஞ்சா வாரன்டி இல்லன்னு சொல்றதே சட்டவிரோதம்"னு வீடியோல சொல்றாங்களே, அது அமெரிக்காவோட 1975ஆம் வருஷச் சட்டம், இங்க செல்லாது. இங்க உங்க கையில இருக்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. ரைட் டு ரிப்பேர் போர்ட்டல் ஒண்ணை மத்திய அரசு 2022 டிசம்பர்ல தொடங்கியிருக்கு, ஆனா அது தகவல் தர்ற இடம், தீர்ப்பு சொல்ற இடம் இல்ல.

முதல்ல மறுப்பை எழுத்துல கேளுங்க, வாட்ஸ்அப் போதும், "ஏன் முடியாது"ன்ற காரணத்தோட. வாய்ல "ஆகல்ல சார்"னு, அதாவது கன்னடத்துல முடியாதுன்னு சொல்றவங்க எழுதச் சொன்னதும் கொஞ்சம் இறங்கி வருவாங்க. அடுத்து 1915, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், அதுல புகார் பதியுங்க. அதுலயும் நகரலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், இ-ஜாக்ரிதி போர்ட்டல்ல ஆன்லைன்லயே போடலாம், வக்கீல் கட்டாயம் இல்ல, பொருளோட விலை 5 லட்சம் வரைக்கும் ஃபீஸும் இல்ல. நீங்க குடியிருக்கிற ஊர்லயோ வேலை பார்க்கிற ஊர்லயோ போடலாம், அதனால பொருளை டெல்லிக் கடையில ஆன்லைன்ல வாங்கியிருந்தாலும் புகாரை பெங்களூர்லயே போட்டுக்கலாம். பிரச்சினை வந்த நாள்ல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுடணும்.